ஹீலரைத் தனியா லெவல் ஏத்துறது எப்படிங்க?

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்ங்கிற ஆன்லைன் கேம்ல ப்ரீஸ்ட் (கூட்டாளிகளைக் குணமாக்குற ஹீலர்) ஆடுறேன், லெவல் 23. டேலண்ட் பாயிண்ட் (லெவல் ஏற ஏறக் கிடைக்கிற திறன் புள்ளி) எல்லாத்தையும் குணமாக்குற பிரிவான ஹோலியில கொட்டிட்டேன். குழுவாப் போற டஞ்சன்ல ராஜமரியாதைதான். தனியா குவெஸ்டுக்குப் போனா ஒரு ஓநாயைச் சாய்க்கிறதுக்குள்ள பாதி மானா (மந்திர சக்தி) காலி. அப்புறம் அது நிரம்ப உட்கார்ந்து தண்ணி குடிக்கணும். சண்டையைவிட இந்தக் குடிதான் அதிகம்!

ஷீல்டு போட்டுட்டு மீதியை மானா செலவாகாத வாண்டாலயே (மந்திரக்கோல்) முடிச்சுப் பார்த்தேன். மந்திரம் போட்டு 5 விநாடி கழிச்சுதான் ஸ்பிரிட்ங்கிற குணத்தால மானா ஊறும்ங்கிறதால, இது கொஞ்சம் கைகொடுக்குது. ஆனா ரெண்டு மிருகம் சேர்ந்து வந்தா செத்தேன்.

தாக்குற பிரிவான ஷேடோவுக்கு மாறி ஸ்பிரிட் டேப் (எதிரியைக் கொன்னதும் மானாவை வேகமா ஊற வைக்கிற டேலண்ட்) எடுத்தா, டஞ்சன்ல ஹீல் பண்ணிச் சமாளிக்கலாமா? டேலண்டை முதல் தடவை மாத்த கேம் காசுல 1 தங்கம்தான், அடுத்த தடவை 5 ஆயிடும். அதான் தயக்கம். லெவல் 60 வரை போனவங்க சொல்லுங்களேன்.