கலைச்சொல் விவாதம்: ‘கோல்டன் அவர்’ என்பதற்கு எந்தச் சொல்?

முதல் மடல் (பெங்களூர்)

குழுவினருக்கு வணக்கம்.

திறந்தவெளியில் படம் எடுக்கப் பழகுவோருக்காக, இங்குள்ள தமிழ் நண்பர்கள் கேட்டுக்கொண்டபடி ஒரு சிறு கையேடு எழுதி வருகிறேன். காலையிலும் மாலையிலும் சூரியன் தொடுவானத்தை ஒட்டித் தாழ இருக்கையில் மஞ்சளாக விழும் ஒளியின் வேளையைக் குறிக்கும் ‘கோல்டன் அவர்’ என்ற இடத்தில் எழுத்து நின்றுவிட்டது. ‘பொன்னான நேரம்’ என்று எழுதினால், விபத்தில் சிக்கியவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய முதல் ஒரு மணி நேரத்தையே பலரும் நினைத்துக்கொள்வர். ‘பொன்மணி நேரம்’ என்றும் ஒரு பரிந்துரை வந்தது. பொன்மணி என்னும் அம்மையார் மேடையேறும் நேரமோ என்று ஒருவர் கேட்டதோடு அது முடிந்தது.

ஓசையைவிட எனக்கு உறுத்துவது பொருள். அந்த ஒளி பெங்களூரில் ஒரு மணி நேரம் நீடிப்பதே இல்லை. 13 பாகை (டிகிரி) வடக்கில் உள்ள இவ்வூரில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால், அந்த ஒளி தொடங்கும் 6 பாகை உயரத்திலிருந்து தொடுவானத்தை அடைய அதற்கு 25 நிமிடமளவே ஆகிறது. லண்டனில் ஜூன் மாதத்தில் அதே இறக்கத்துக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிடிக்கும். முழுதாக ஒரு மணி நேரம் கையில் இருக்கிறது என்று நம்பி லால்பாக் பூங்கா வாசலில் கடலை கொறித்துக்கொண்டு நிற்பவர், உள்ளே இருக்கும் பாறைமேல் ஏறிச் சேர்வதற்குள் பொழுதைத் தவறவிட்டிருப்பார்.

‘பொன்’ என்பதும் பாதி உண்மைதான். தாழ்ந்த சூரியனின் ஒளி நெடுந்தூரம் காற்றைக் கடந்து வருவதால் நீலம் வழியிலேயே சிதறிப்போக, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. ஆனால், கேமராவின் தானியங்கி நிறச் சரிசெய்தல் பல நேரங்களில் அந்த மஞ்சளைக் குறையென்று கருதித் துடைத்துவிடுகிறது. படத்துக்கு உயிர் தருவதில் நிறத்தைவிடக் கோணத்துக்கே பங்கு அதிகம் என்பது என் கருத்து. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களை ஒட்டி, நண்பகலில் சூரியன் இவ்வூரின் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது படம் எடுத்தால், ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுடைய லால்பாக் பாறை, சிமெண்டு பூசிய மொட்டைமாடி போலத் தட்டையாகத் தெரியும். மாலையில் அதே பாறைமேல் வெளிச்சம் பக்கவாட்டில் தவழும்போது ஒவ்வொரு வரியும் பள்ளமும் தன் நிழலை நீட்ட, உச்சியிலுள்ள கெம்பேகவுடா கோபுரம் வரை ஏறும் சரிவு முழுவதும் கண்ணுக்குப் புலனாகிறது. புதிதாகப் பழகுபவர் கவனிக்க வேண்டியது நிழலின் நீளத்தைத்தான். கலைச்சொல்லும் அதையே நினைவூட்டினால் நன்று. ஆகவே, ‘சாய்வெயில்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

மறுமொழி (டெல்லி)

ஐயா, வணக்கம்.

கடிகாரத்தை விட்டுக் கோணத்தைப் பிடித்தது சரியான முடிவு. இங்கே குளிர்காலப் புகைமூட்டத்தில் சூரியன் தொடுவானத்தை எட்டுமுன்பே மங்கிவிடுகிறது. லோதி தோட்டத்துக் கல்லறை மாடங்களின்மேல் பொன்னொளி விழும் என்று காத்திருப்பவருக்கு அலைபேசிச் செயலி சொன்ன நேரம் மட்டும் தவறாமல் வந்து போகும்.

ஆயினும், ‘சாய்வெயில்’ எனக்கு உடன்பாடில்லை. பொழுது சாய்வது என்றாலே நமக்கு மாலைதான். காலை ஒளி விடுபட்டுப்போகும். சிறுபொழுது ஆறனுள் ஒன்றாகிய ‘எற்பாடு’ அழகான சொல். ஆனால், ‘எல்’ ஆகிய சூரியன் படுகின்ற பொழுது என்பதால் அதற்கும் இதே குறை உண்டு. ‘ஏறுவெயில்’, ‘இறங்குவெயில்’ இரண்டும் மக்கள் வழக்கில் உள்ளவை என்றாலும், காலை 10 மணி வெயிலும் ஏறுவெயில்தானே? ‘தாழ்வெயில்’ என்று வைத்துக்கொள்ளலாம். தாழ்நிலம், தாழ்வழுத்த மின்சாரம் ஆகியவற்றில் பழகிய ‘தாழ்’ இது. சூரியன் தாழ இருக்கிறது என்பதைமட்டும் சொல்லும், எந்தத் திசையில் என்று சொல்லாது. ‘மஞ்சள் வெயில்’ அளவுக்கு இனிமை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மறுமொழி (பெங்களூர்)

அம்மா, ‘தாழ்வெயில்’ எனக்கு ஏற்புடையதே.

‘வெயில்’ என்ற சொல் உள்ளே இருப்பதால் இன்னொரு தெளிவும் கிடைக்கிறது. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 4 பாகை இறங்கும் வரை ‘கோல்டன் அவர்’ என்றே கணக்கிடுவோர் உண்டு. சூரியன் மறைந்த பிறகு வெயில் ஏது? நேரடி ஒளியும் அதன் நீண்ட நிழலும் அப்போது இல்லை. வெளிச்சம் குறைந்துவிடுவதால் கேமராவை ஒரு சுவரிலோ முக்காலியிலோ ஊன்றியாக வேண்டும். படம் எடுக்கும் முறையே மாறும்போது பெயரும் மாறட்டும். அடுத்து வானம் நீலமாகத் தெரியும் ‘ப்ளூ அவர்’ என்பதையும் சேர்த்து இந்த வேளை முழுவதையும் ‘கருக்கல்’ என்று சொல்லிவிடலாம். விடியுமுன்னும் பொழுது சாய்ந்த பின்னும் நம் வீடுகளில் வழங்கும் சொல் அது. புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. அல்சூர் ஏரியில் கரைவிளக்குகளின் ஒளியும் வானத்து நீலமும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்பது அந்தக் கருக்கலின் சில நிமிடங்களில்தான்.

கையேட்டில் சேர்க்கவுள்ள விளக்கம் இது:

‘தாழ்வெயில்: சூரியன் தொடுவானத்துக்கு மேல் 6 பாகைக்குள் இருக்கும்போது விழும் நேரடி வெயில். சமதரையில் நிற்பவரின் நிழல் அவருடைய உயரத்தைப் போல் ஒன்பது மடங்குக்கு மேல் நீண்டிருக்கும். சூரியனைப் பக்கவாட்டில் வைத்து எடுத்தால் பரப்பின் மேடுபள்ளம் தெரியும். எதிரே வைத்து எடுத்தால் இலைகளும் தலைமுடியும் விளிம்பில் ஒளிரும். கேமராவின் நிறச் சரிசெய்தலாகிய வெண்மைச் சமநிலையைத் (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாமல் பகல்வெயில் அமைப்புக்கு மாற்றி வைத்தால் மஞ்சள் நிறம் படத்தில் தங்கும்.’

ஓர் ஐயம் மட்டும் எஞ்சுகிறது. அடுக்குமாடிகள் நெருங்கிய தெருக்களில், அவை சூரியனை நோக்கி நேராக ஓடினாலன்றி, 6 பாகை வெயில் தரையைத் தொடுவதே இல்லை. எல்லையை 10 பாகை என்று தளர்த்தினால் நிழல் ஐந்தரை மடங்குக்குச் சற்றே மேல் என்றாகும். பக்கவாட்டு ஒளியின் பயன் அப்போதும் பெரிதாகக் குறையாது. தளர்த்தலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மறுப்பு உள்ளவர்கள் இவ்விழையிலேயே எழுதுங்கள். ‘வெண்மைச் சமநிலை’ பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.