ஸ்போக் நீளக் கணக்கு: நீங்கள் பார்த்த கூத்துகளைச் சொல்லுங்கள்

இரும்புக்குதிரை:
சைக்கிள் சக்கரம் கட்டத் தெரியும் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் போதும், ரிம்மும் நடுவில் வரும் ஹப்புமாக யாராவது வந்து நிற்பார்கள். அப்படி வந்த நண்பர் ஒருவர் ஸ்போக்குகளையும் தானே கணக்குப் போட்டு வாங்கி வந்திருந்தார். கோத்துப் பார்த்தால், நிப்பிள் (ஸ்போக் நுனியை ரிம்மில் பிடிக்கும் குட்டி நட்டு) மரை முழுவதையும் விழுங்கிவிட்டு மேற்கொண்டு ஏறாமல் நிற்கிறது. ஸ்போக்கோ தொளதொளவென்று ஆடுகிறது. நுனிகள் டியூபைக் குத்தத் தயாராக ரிம்முக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. விசாரித்தால், நீளக் கணக்கில் ரிம்மின் விட்டம் கேட்ட இடத்தில் 622 என்று போட்டிருக்கிறார்.

622 என்பது டயர் உட்காரும் இடத்தின் விட்டம். நமக்கு வேண்டியது, எதிரெதிர் ஸ்போக்குகளின் நுனிகள் ரிம்முக்குள் முடியும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம். இ.ஆர்.டி. என்பார்கள். அந்த ரிம்மில் அது 600. விட்டத்தில் 22 மி.மீ. தப்பு, ஆக ஒவ்வொரு ஸ்போக்கும் 11 மி.மீ. அதிகம். மரையே 10 மி.மீ. போலத்தான் இருக்கும், வெட்டினால் அதுவும் சேர்ந்து போய்விடும். மொத்தமும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.

ரிம்மோடு வரும் தாளில் இ.ஆர்.டி. போட்டிருந்தாலும் நான் நம்புவதில்லை. ஒருவர் நிப்பிள் உட்காரும் இடம் வரை அளப்பார், இன்னொருவர் நிப்பிள் தலை வரை அளப்பார். பழைய ஸ்போக் இரண்டை எடுத்து, மரை நுனியிலிருந்து சரியாக 200 மி.மீ. விட்டு மறுமுனையை வெட்டிக்கொள்ளுங்கள். நிப்பிள் தலையில் ஸ்க்ரூடிரைவர் வைக்கும் வெட்டு இருக்கிறதே, அதன் அடிமட்டத்துக்கு நுனி வரும்வரை நிப்பிளைத் திருகுங்கள். 32 துளை ரிம் என்றால் 1, 17 ஆகிய துளைகளில் விட்டு விறைப்பாக இழுத்துப் பிடித்து, வெட்டிய முனைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து 400 கூட்டுங்கள். ரிம் எப்போதும் முழு வட்டமாக இருக்காது. வேறு இரண்டு மூன்று இடங்களிலும் அளந்து சராசரி எடுப்பது நல்லது.

கணக்குப்பிள்ளை:
நல்ல இழை. எல்லா அளவுக்கும் ஒரே அளவு கவனம் தேவையில்லை என்பதை எண்களாகவே போட்டுப் பார்க்கலாம். இ.ஆர்.டி. 600, ஹப் ஃபிளாஞ்சில் (ஸ்போக் மாட்டும் ஓரத் தட்டு) துளைகளின் வட்டம் 58 விட்டம், 32 ஸ்போக், 3 குறுக்கு (ஒவ்வொரு ஸ்போக்கும் வேறு மூன்றைக் குறுக்காகக் கடக்கும்). பின்சக்கரத்தில் ஹப்பின் நடுவிலிருந்து ஃபிளாஞ்ச் வரை செயின் பக்கம் 20, மறுபக்கம் 35.

கோணம்: 720 × 3 ÷ 32 = 67.5 டிகிரி. 300-இன் வர்க்கம், 29-இன் வர்க்கம், 20-இன் வர்க்கம் மூன்றையும் கூட்டி, அதிலிருந்து 2 × 300 × 29 × கோசைன் 67.5-ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 290.8. ஃபிளாஞ்ச் துளை 2.6 மி.மீ. என்றால் அதில் பாதியைக் கழிக்க வேண்டும். விடை 289.5. மறுபக்கம் 290.9.

ஃபிளாஞ்ச் தூரத்தில் 15 மி.மீ. வித்தியாசம், நீளத்தில் வந்தது 1.4தான்! துளை வட்டத்தில் 2 மி.மீ. பிசகினால் 0.3 மி.மீ. மாறும். இ.ஆர்.டி.யில் அதே 2 மி.மீ. பிசகினால் முழுசாக 1 மி.மீ. ஹப்பை வெர்னியர் வைத்து நுணுக்கி நுணுக்கி அளந்துவிட்டு, ரிம்முக்கு யாரோ எழுதி வைத்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்க்கும்போது சிரிப்புதான் வருகிறது.

செயின்கவர்:
3 குறுக்குக்கு வாங்கிய ஸ்போக்கை 2 குறுக்காகக் கோத்தால் என்ன என்று என்னிடம் ஒருவர் கேட்டார். உங்கள் எண்களை வைத்தே போட்டுப் பார்த்தேன். செயின் பக்கம் தேவையான நீளம் 279.7 வருகிறது. 10 மி.மீ. குறைவு. பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நிலாப்பயணி:
நான் பார்த்தது இதற்கு நேரெதிர். கூட ஓட்டுகிறவர் ஒருவரின் சக்கரம். கட்டி முடித்தபோது கோட்டமே இல்லை, இழுவிசையும் சரியாக இருந்தது. சில மாதம் கழித்து அலுமினிய நிப்பிள்களின் தலை ஒவ்வொன்றாகத் தெறிக்க ஆரம்பித்தது, அதுவும் நிறுத்தி வைத்த வண்டியில். ரிம்முக்குள் ஒட்டிய டேப்பைக் கழற்றிப் பார்த்தோம். எல்லா ஸ்போக்கும் 3 மி.மீ. போலக் குட்டை. நுனி நிப்பிளின் கழுத்தோடு நின்றுவிட்டது, தலைக்குள் போகவே இல்லை. உள்ளே எஃகு இல்லாததால் பாரம் முழுவதையும் அந்த மெல்லிய அலுமினியக் கழுத்து தாங்கியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. மரை நிப்பிளுக்கு வெளியே எட்டிப் பார்த்தால் மட்டும் சந்தேகப்படலாம். பித்தளை நிப்பிள் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டிருக்கும்.

கேரியர்காரன்:
சரி, கடைகளில் பெரும்பாலும் இரட்டை எண்ணில்தானே ஸ்போக் கிடைக்கிறது? 290.9-க்கும் 289.5-க்கும் எதை வாங்குவது?

கணக்குப்பிள்ளை:
இரண்டு பக்கமும் 290 போடலாம். ஒரு பக்கம் 0.9 குட்டை, மறுபக்கம் அரை மி.மீ. நீளம். நடுவில் 1.8 மி.மீ. ஆக இளைத்த ஸ்போக், 100 கிலோ இழுவிசையில் தானே அரை மி.மீ.க்குச் சற்று மேல் நீளும். அதையும் சேர்த்தால் ஒன்று வெட்டின் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, இன்னொன்று கொஞ்சம் மேலே நிற்கும். இரண்டும் தலைக்குள்தான்.

இரும்புக்குதிரை:
ஒற்றை எண்ணிலும் கிடைத்தால் நான் செயின் பக்கம் 289தான் போடுவேன். இழுவிசை அதிகம் வாங்கும் பக்கம் அது. அங்கே மரை தீர்ந்துபோவது பெரிய தலைவலி.

கேரியர்காரன்:
நன்றி. என்னுடையது துளைகள் 3 மி.மீ. ஒருபக்கமாகத் தள்ளிப் போட்ட ரிம். அதற்கு?

கணக்குப்பிள்ளை:
துளைகள் செயினுக்கு எதிர்ப்பக்கம் தள்ளி வரும்படி ரிம்மை வைத்துக் கட்டுங்கள். செயின் பக்கம் 20-ஐ 23 என்றும், மறுபக்கம் 35-ஐ 32 என்றும் போட்டுக்கொள்ளுங்கள். நீளம் இரண்டு பக்கமும் அரை மி.மீ. கூட மாறாது. ஆனால் இரு பக்க இழுவிசைக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு நன்றாகக் குறையும். ரிம்மைத் திருப்பி வைத்துக் கோத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.