பெரி எக்ஸ்ட்ராக்ட் குளிசை குடிச்சா நிறை குறையுமோ?

உப்புவெளிக்காரி:
வணக்கம். எனக்கு 38 வயசு, 157 சென்ரிமீற்றர் உயரம், 81 கிலோ. ரெண்டாவது பிள்ளை பிறந்த பிறகு ஏறின நிறை இறங்கவே இல்லை, போனமுறை கிளினிக்ல சுகரும் போடர்ல நிக்குது எண்டு சொல்லிப்போட்டினம். மச்சாள் கொழும்பில இருந்து ஒரு போத்தல் அனுப்பியிருக்கிறா, புளூபெரி, பில்பெரி, ராஸ்பெரி கீற்றோன் எல்லாம் கலந்த 60 குளிசை, "வயித்துக் கொழுப்பைக் கரைக்கும்" எண்டு பெரிசா போட்டுக்கிடக்கு. திறக்காம அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறன். ஆராவது பாவிச்சனிங்களோ?

நிலாவெளித்தம்பி:
அக்கா, நான் போசாக்கு படிக்கிறனான். அந்தப் பழங்களின்ர கருநீலச் சாயம்தான் அந்தோசயனின், ஆராய்ச்சி செய்யிறவை முக்கியமா பாக்கிறது அதைத்தான். கொழுப்புச் சாப்பாடு குடுத்த எலிகளுக்கு இதையும் சேத்துக் குடுக்கேக்க சிலதில நிறை ஏறுறது குறைஞ்சிருக்கு, மனுசரில அப்பிடித் தெளிவா இல்லை. 2010ல அமெரிக்காவில வந்த ஒரு ஆராய்ச்சியில உடம்பு பெருத்து இன்சுலின் சரியா வேலை செய்யாத 32 பேரை எடுத்து, பாதிப்பேருக்கு புளூபெரித் தூள் கலந்த ஸ்மூதி நாளுக்கு ரெண்டு தரம், மற்றவைக்கு தூள் இல்லாத ஸ்மூதி, 6 கிழமை குடுத்தவை. புளூபெரி குடிச்சாக்களுக்கு இன்சுலின் நல்லா வேலை செய்யத் தொடங்கினது, நிறை மட்டும் அப்பிடியே நிண்டது. ஸ்மூதில வாற கலோரிக்கு ஈடா மற்றச் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லியும் இருந்தவை. அதால சுகருக்கு உதவலாம், கொழுப்பு கரையும் எண்டு இதை வைச்சுச் சொல்லேலாது. ராஸ்பெரி கீற்றோன் எண்டது அந்தப் பழத்துக்கு மணம் குடுக்கிற பொருள், அது தனியா மனுசருக்கு நிறை குறைக்கும் எண்டு காட்டின நல்ல ஆராய்ச்சியே இல்லை, அந்தப் பேரைப் பாத்து மட்டும் காசு குடுக்காதைங்கோ.

தம்பலகாமம்_அன்ரி:
பிள்ளை, நான் உப்பிடித்தான் கொறுக்காய் குளிசை ஒண்டு வாங்கிக் குடிச்சு ரெண்டு கிழமையா வயித்தைப் பிரட்டிக்கொண்டு கிடந்தனான், நிறை ஒரு கிலோவும் குறையேல்ல. பிறகு பின்னேரப் பிளேன்டீக்கு போடுற மூண்டு கரண்டி சீனியை ஒண்டாக்கி, ராச்சோறை பாதியாக்கி, டச்பே கரையில ஒவ்வொருநாளும் நடந்தன். அதுதான் எனக்கு வேலை செய்தது, ஆனா மாசக்கணக்கா எடுத்தது. பழம் வேணுமெண்டா எங்கட நாவப்பழம் இருக்கே! உப்புத்தூள் போட்டுக் குலுக்கி ஒரு கை சாப்பிட்டா நாக்கு ராத்திரி வரைக்கும் ஊதா நிறத்தில இருக்கும், தம்பி சொன்ன அந்தச் சாயம் அதிலயும் நிறைய.

மூதூர்_நேர்ஸ்:
ஒரு கேள்வி, இப்ப சுகருக்குக் குடுக்கிற மெட்போமின் குளிசை குடிக்கிறீங்களோ? அப்பிடியெண்டா அந்தப் போத்தலைக் கையில கொண்டுபோய் டொக்டரிட்ட லேபலைக் காட்டாம ஒண்டும் போடாதைங்கோ. நிறை குறைக்கிற குளிசையள் சிலது ஈரலைப் பழுதாக்கியிருக்கு, சிலதுக்குள்ள லேபல்ல இல்லாத மருந்தும் கலந்து பிடிபட்டிருக்கு. அடுத்தது, இடுப்புச் சுற்றளவை நாடாவால அளந்து எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ, எங்கட பொம்பிளையளுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேல போனா கவனிக்கவேணும்.

உப்புவெளிக்காரி:
ஓம், ஒரு மாசமா மெட்போமின் குடிக்கிறன், அதை எழுத மறந்திட்டன். இப்பதான் அளந்தன், 97. செவ்வாய்க்கிழமை கிளினிக், போத்தலையும் கொண்டுபோறன். அன்ரி, நாவப்பழம் இப்ப எங்க வாங்கலாம்?

தம்பலகாமம்_அன்ரி:
மார்க்கெட்டடியில வெள்ளெனப் போங்கோ பிள்ளை, வெயில் ஏறினா நசிஞ்சதுதான் மிஞ்சும்.