குளத்தோரத்தில் வழுக்கி மணிக்கட்டு முறிவு: "முதல் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையே" என்று இழப்பீட்டை மறுக்கிறார்கள்

கேள்வி: நீர்க்கோழி

தங்கைக்காகக் கேட்கிறேன். கட்டணம் வாங்கும் குளம், உறுப்பினர் அட்டை உண்டு. குளத்திலிருந்து குளியலறைக்குப் போகும் வழியில், கால் நனைக்கும் தொட்டியைத் தாண்டி இரண்டாவது எட்டில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். ஓடவில்லை. அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்தார்கள். முறிவில்லை, சுளுக்குதான் என்று கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். வலி குறையவில்லை. 13-ஆம் நாள் மறுபடி எடுத்தபோது ஸ்காஃபாய்டு எலும்பில் (மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமுள்ள சிறு எலும்பு) முறிவு என்று வந்தது. இப்போது மாவுக்கட்டில் இருக்கிறாள்.

நிர்வாகத்துக்கு எழுதினோம். முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்ததால் முறிவு வேறெங்கோ நடந்ததாம். சேரும்போதே "சொந்தப் பொறுப்பில் வருகிறேன்" என்ற படிவத்தில் கையெழுத்து போட்டிருக்கிறாளாம். குளத்தோரம் ஈரமாக இருப்பது இயல்பாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, "நல்லெண்ணத் தொகை" ஒன்று தருகிறோம், ரசீதில் கையெழுத்திடுங்கள் என்கிறார்கள். விழுந்து 19 நாள் ஆகிறது. முதலில் எதைச் செய்வது?

பதில்: கோப்புக்கட்டு

ரசீதில் கையெழுத்து வேண்டாம். அதில் "முழு மற்றும் இறுதித் தீர்வாக" என்றோ "இனி எவ்வித உரிமைகோரலும் இல்லை" என்றோ ஒரு வரி இருக்கக்கூடும். பெரும்பாலும் கடைசிப் பத்தியில், சின்ன எழுத்தில். நல்லெண்ணத்துக்கு ரசீது எதற்கு என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது சிசிடிவி. இதற்கு நாளை வரைகூடக் காத்திருக்காதீர்கள். பதிவுக் கருவியின் வட்டு நிரம்பியதும் பழைய காட்சியின் மேலேயே புதியது ஏறிவிடும். பல இடங்களில் ஒரு மாதமே அதிகம், சில இடங்களில் இரண்டு வாரம்கூடத் தாங்காது. 19 நாள் போய்விட்டது. இன்றே மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். வாசகம் இப்படி இருந்தால் போதும்:

"இன்ன தேதி, இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை, கால் நனைக்கும் தொட்டிக்கும் குளியலறை வாசலுக்கும் இடைப்பட்ட பகுதியைக் காட்டும் எல்லா கேமராக்களின் பதிவையும் அழிக்காமல் பாதுகாக்கக் கோருகிறேன். விபத்துப் பதிவேட்டின் அன்றைய பக்கம், அன்றைய துப்புரவு அட்டவணை, உயிர்காப்பாளர் பணி அட்டவணை ஆகியவற்றையும் பாதுகாக்கவும். இவை உரிமைகோரலுக்குத் தேவைப்படும் ஆவணங்கள்."

நேரத்தைக் குறிப்பிடும்போது விழுந்த நிமிடத்தோடு நின்றுவிடாதீர்கள். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பிலிருந்து கேளுங்கள். அவள் விழுந்ததைக் காட்டுவதைவிட, அந்தத் தரையை அதுவரை யாரும் துடைக்கவில்லை என்று காட்டுவதுதான் உங்களுக்கு முக்கியம். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி செல்லுபடியாகும் நாடுகளில், தன் உருவம் பதிந்த காட்சியின் நகலைக் கேட்பது அவளுடைய உரிமை. பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அடையாளம் காண நீச்சலுடையின் நிறத்தையும் எழுதுங்கள்.

பதில்: மாவுக்கட்டு

"முதல் எக்ஸ்ரே சுத்தம், ஆகவே முறிவு பிறகு நடந்தது" என்பது எலும்பு மருத்துவம் படித்தவர் முன் நிற்காது. ஸ்காஃபாய்டு முறிவு முதல் நாள் படத்தில் தெரியாமல் போவது சர்வசாதாரணம். முறிந்த விளிம்பில் எலும்பு கொஞ்சம் கரைந்த பிறகுதான் கோடு தெளிவாகத் தெரியும். அதனால்தான் சந்தேகம் இருந்தால் கட்டுப் போட்டு வைத்துவிட்டு 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுப்பார்கள், இல்லையென்றால் முன்னதாகவே எம்ஆர்ஐ பார்ப்பார்கள். உங்கள் 13-ஆம் நாள் படம் இந்தக் கணக்கில் சரியாக உட்காருகிறது. கை ஊன்றி விழுவதும் இந்த எலும்புக்கே உரிய விபத்து.

செய்ய வேண்டியது, முதல் நாள் மருத்துவக் குறிப்பின் முழு நகலை வாங்குவது. அறிக்கை மட்டும் போதாது, படக் கோப்புகளையும் வாங்குங்கள். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம் ஒரு குழி விழும். அங்கே அழுத்தினால் வலி என்று அன்றைய மருத்துவர் எழுதியிருந்தால் பாதி வாதம் அங்கேயே முடிந்தது. எழுதாவிட்டால், இப்போது பார்க்கும் எலும்பு மருத்துவரிடம் கடிதம் கேளுங்கள். முறிவு எந்த இடத்தில், அந்த நாள் விழுந்ததோடு ஒத்துப்போகிறதா, முதல் படத்தில் ஏன் தெரியாமல் போயிருக்கலாம், இனி என்ன எதிர்பார்க்கலாம் என்ற நான்கும் அதில் வர வேண்டும்.

கடைசிக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து முன்கைப் பக்கமாகப் பின்னோக்கி ஓடுகிறது. முன்கைப் பக்க முனை முறிந்தால் அந்தத் துண்டுக்கு ரத்தம் போவது தடைபடும், சேர மாதக்கணக்கில் ஆகும். சேராமலே போகலாம், அறுவை தேவைப்படலாம். மாவுக்கட்டு கழற்றும் முன்பே தொகை பேசி முடிப்பது சரியல்ல.

பதில்: தரையோடு

"ஈரமாக இருப்பது இயல்பு" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. ஈரத்தை வைத்து வழக்கு ஜெயிக்காது. ஈரமாகத்தான் இருக்கும் என்று தெரிந்த இடத்தில், ஈரத்திலும் பிடிப்புள்ள தரையைப் போட்டு அதைப் பராமரித்தார்களா என்பதுதான் கேள்வி. அதை அளக்க முடியும்.

ஊசல் சோதனை என்று ஒன்று உண்டு. ரப்பர் பொருத்திய ஒரு கை ஊசல்போல் இறங்கித் தரையை உரசிப் போகும், உராய்வு எண்ணாக வரும். பிரிட்டனில் கைக்கொள்ளும் வகைப்பாட்டில் 36 அல்லது அதற்கு மேல் இருந்தால் வழுக்கும் வாய்ப்பு குறைவு, 25 முதல் 35 நடுத்தரம், 24 அல்லது அதற்குக் கீழ் என்றால் அதிகம். வெறுங்கால் இடத்துக்கு 55 என்று பெயரிட்ட மென்மையான ரப்பரையே பயன்படுத்த வேண்டும். செருப்புக்கால் ரப்பரான 96-ஐ வைத்து எடுத்த அறிக்கையை நீட்டினால் ஏற்காதீர்கள்.

ஓடு வாங்கும்போதே தரம் பார்த்தார்களா என்பது இன்னொன்று. டிஐஎன் 51097 என்ற ஜெர்மன் தரம் (2021-இல் இதன் இடத்துக்கு டிஐஎன் இஎன் 16165 வந்தது), சோப்புநீர் ஓடும் சரிவில் வெறுங்காலோடு ஆளை நடக்கவிட்டு, எத்தனை பாகையில் வழுக்குகிறது என்று பார்க்கிறது. 12 பாகை தாங்கினால் ஏ, 18 பி, 24 சி. உலர்ந்த உடைமாற்றும் அறைக்கு ஏ போதும். குளத்தைச் சுற்றிய நடைவழிக்கும் குளியல் பகுதிக்கும் பி. தண்ணீருக்குள் இறங்கும் படிக்கும் கால் நனைக்கும் தொட்டிக்கும் சி. ஓடு வாங்கிய ரசீதும் தரச்சான்றும் கேளுங்கள். தர மறுத்தாலும், கேட்டதற்கு எழுத்தில் சாட்சி இருக்கும்.

தங்கை விழுந்தது தொட்டியைத் தாண்டி இரண்டாவது எட்டு என்கிறீர்கள். அந்த விவரம் பெரியது. தொட்டிக்குள் சொரசொரப்பான ஓடு, வெளியே வந்தால் வழவழப்பான ஓடு என்றால் கால் முந்தைய பிடிப்பை நம்பியே அடுத்த எட்டை வைக்கும். இப்படி இரண்டு தரை சேரும் இடங்களில் விழ வாய்ப்பு அதிகம். உடைந்த ஓட்டுக்குப் பதிலாக அதே நிறத்தில் சுவர் ஓட்டை ஒட்டியிருப்பதும் நடக்கும். நிறம் ஒத்துப்போவதால் யாருக்கும் தெரியாது.

துப்புரவிலும் ஒரு கோளாறு. தரையில் படிவது இரண்டு: சுண்ணாம்புக் கறை, உடம்பு எண்ணெயும் வெயில் களிம்பும் சேர்ந்த வழுவழுப்பு. சுண்ணாம்பு அமிலத்துக்குப் போகும், எண்ணெய் காரக் கரைசலுக்குத்தான் போகும். வெறும் அமிலத்தால் கழுவும் இடத்தில் ஓடு பளிச்சென்று இருக்கும், எண்ணெய்ப் படலம் அப்படியே இருக்கும். எந்த மருந்து, எத்தனை பங்கு தண்ணீர், எப்போது என்று துப்புரவுப் பதிவேட்டில் கேளுங்கள். எல்லா நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வில் கையெழுத்து என்றால் மாதக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பியது.

நீர்க்கோழி

மிக்க நன்றி. மின்னஞ்சல் போய்விட்டது, தபால் நாளை காலை. அந்தப் படிவத்தை என்ன செய்வது? "வழுக்கும் தரை, கவனம்" என்ற பலகையும் அங்கே இருந்தது.

பதில்: கோப்புக்கட்டு

படிவத்தின் நகலை வாங்கிப் படியுங்கள், பயப்பட வேண்டாம். இங்கிலாந்தின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 65-ஆம் பிரிவுப்படி, கவனக்குறைவால் வரும் மரணம், உடற்காயம் இவற்றின் பொறுப்பை வணிகர் படிவத்தாலோ அறிவிப்பாலோ தட்டிக்கழிக்க முடியாது. நியூயார்க் மாநிலச் சட்டம் கட்டணம் வாங்கும் நீச்சல் குளங்களைப் பெயர் சொல்லியே இப்படிப்பட்ட வாசகங்களைச் செல்லாததாக்குகிறது. வேறு சில அமெரிக்க மாநிலங்களில் சாதாரணக் கவனக்குறைவுக்குப் படிவம் செல்லும். ஆகவே குளம் இருக்கும் ஊரின் சட்டம் பார்த்துத்தான் இதற்கு முடிவு சொல்ல வேண்டும். வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுத்தே கேட்க வேண்டிய கேள்விகளில் இது ஒன்று.

பலகை வேறு கதை. எச்சரித்தோம் என்று அவர்கள் சொல்வார்கள், அங்கே வழுக்கும் என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். சுற்றிப்போக வேறு வழி இல்லாத இடத்தில் பலகையின் பலன் குறைவு.

காலக்கெடுவையும் இப்போதே குறித்து வையுங்கள். இங்கிலாந்தில் உடற்காயத்துக்கு 3 ஆண்டு, இந்திய நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டு. நிர்வாகத்தோடு கடிதம் பரிமாறிக்கொண்டிருப்பதால் கெடு தானாக நிற்காது.

பதில்: எதிர்ப்பக்கம்

எல்லாரும் ஜெயித்துவிட்ட மாதிரியே எழுதுகிறீர்கள். எதிர்த்தரப்பு என்ன கேட்கும் என்பதையும் பாருங்கள். ஓடினாளா, கையில் கைபேசி இருந்ததா, அன்றே புகார் சொன்னாளா, 13 நாளில் அந்தக் கையால் என்ன வேலை செய்தாள்? கட்டோடு கடையில் பை தூக்குகிற படத்தைச் சமூக வலைத்தளத்தில் போட்டிருந்தால் அது அவர்கள் கையில் இருக்கும். தவறில் அவளுக்கும் கால் பங்கு என்று தீர்ப்பானால் தொகையில் கால் பங்கு போய்விடும்.

கண்ணுக்குத் தெரிந்த ஆபத்தில் தானாக இறங்கியவருக்கு நீதிமன்றம் இரங்காது. ஆழமில்லாத ஏரியில் தலைகீழாகப் பாய்ந்து கழுத்து முறிந்த இளைஞரின் வழக்கை 2003-இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. நடந்துபோய் வழுக்கியது அப்படியல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "நடந்துதான் போனாள்" என்பதற்குப் பின்னால் வந்த ஒருவரின் கையெழுத்திட்ட வாக்குமூலம் வேண்டும். இரண்டு மாதம் கழித்துப் போனால் அவருக்கு நீச்சலுடையின் நிறம்கூட நினைவிருக்காது.

பதில்: தரையோடு

அவர் சொன்னது சரி. இன்னொன்று, உறுப்பினர் அட்டை செல்லும்போதே யாராவது ஒருவர் போய் அந்த இடத்தைப் படமெடுங்கள். மற்ற குளிப்பவர்கள் படத்தில் வரக் கூடாது. மேலிருந்து எடுத்தால் ஒன்றும் தெரியாது. முழங்கால் உயரத்தில், வெளிச்சத்தை எதிர்நோக்கி எடுத்தால் எண்ணெய்ப் படலமும் தேங்கிய நீரும் மின்னும். அளவுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை வையுங்கள். குளம் மூடும் நேரத்துக்குச் சற்று முன் போனால், சரிவு போதாத இடத்தில் குட்டை வடியாமல் நிற்பது தெரியும். நீங்களாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அதைச் சொல்லியே படத்தை ஒதுக்கிவிடுவார்கள். புதிதாக ரப்பர் பாய் விரித்திருந்தால் அதையும் எடுங்கள், தேதியோடு.

பதில்: மாவுக்கட்டு

மருந்துக்கடை, ஆட்டோ, பிசியோதெரபி ரசீதெல்லாம் பெரும்பாலும் வெப்பத்தாளில் (சூட்டால் எழுத்து பதியும் தாள்) அச்சடித்தவை, சில மாதத்தில் வெளுத்துவிடலாம். வாங்கிய அன்றே படமெடுத்து வையுங்கள். வலது கைக்காரி என்றால் தலைவாரிவிட, சமைக்க, பையைத் தூக்க யார் எத்தனை மணி நேரம் உதவினார்கள் என்று ஒரு நோட்டில் நாள்வாரியாக எழுதுங்கள். வேலைக்குப் போகாத நாட்களுக்கு முதலாளியிடம் கடிதம். இடது கையால் எழுதினாலும் பரவாயில்லை, அந்த நோட்டு அவள் கையெழுத்திலேயே இருக்கட்டும்.