பழைய டீசல் கேம்பர் வேன்: உங்களை முதன்முதலில் பயமுறுத்தியது எது?

ஆழியாறு வேன்

வால்பாறையிலிருந்து இறங்கும்போது நடந்தது. இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பவில்லை.

96 மாடல் டெம்போ டிராவலர். பள்ளிக்கூடத்துக்கு ஓடிய வண்டி. சீட்டெல்லாம் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, 100 லிட்டர் தண்ணீர் டேங்க் போட்டிருந்தோம். எடை எவ்வளவு ஏறியது என்று யோசிக்கவே இல்லை. 40 கொண்டை ஊசி வளைவையும் மூன்றாவது கியரில், பிரேக்கை மிதித்து மிதித்தே இறங்கிவிடலாம் என்று நினைப்பு. பாதிக்கு மேல் வந்ததும் கருகல் வாடை. மனைவி அடுப்பை அணைக்கவில்லையோ என்று பின்னால் போய்ப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது.

ஒன்பதாவது வளைவு. எல்லோரும் நின்று ஆழியாறு அணையை போட்டோ எடுப்பார்களே, அதே இடம். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரையைத் தொட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இரண்டாவது கியரைத் திணித்து, தடுப்புச் சுவரில் உரசித்தான் வண்டி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பையன் குச்சி ஐஸோடு நின்றிருந்தான். ஐஸ் உருகி முழங்கை வரை வழிகிறது, அவன் நக்கக்கூட இல்லை, எங்களையே பார்க்கிறான். இன்றும் தூக்கத்தில் வருவது அந்த முழங்கைதான்.

காரணம் பிரேக் ஆயில். நான் மாற்றியதே இல்லை. அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்குமாம். டாட் 3 என்கிற ரகத்தில் புது ஆயில் 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் குடித்தது 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் பைப்புக்குள் ஆவி. மிதிக்கிற மிதியெல்லாம் ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும். இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். எந்த கியரில் ஏறினேனோ அதே கியரில்தான் இறங்குகிறேன்.

உங்களுக்கு எது?

டொல்பின் வான்

அண்ணா, உங்களுக்குப் பெடல் உள்ளே போய்விட்டது. எனக்கு அது உள்ளே போகவே இல்லை.

நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குகிறோம். டொயோட்டா டொல்பின், 3எல் எஞ்சின், பின்னால் மெத்தை போட்டது. எங்கேயோ ஒரு வளைவில் பற்றரி லைற் எரிந்தது. சார்ஜ் ஏறவில்லை போல, கம்பளையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பாட்டைக் கூட்டிவிட்டு ஓடினேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை பிரேக் பிடித்தது. மூன்றாவது தடவை பெடல் கல்லாகிவிட்டது. எழுந்து நின்று இரண்டு காலாலும் மிதித்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? முன்னால் ஒரு பஸ். இடப்பக்கத் தேயிலை மேட்டில் ஏற்றித்தான் நிறுத்தினேன்.

கராஜ் பாஸ் முன் சீற்றைத் தூக்கிக் காட்டினார். ஃபேன் பெல்ட் நாராய்க் கிழிந்து கிடந்தது. ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தில் குண்டாக இன்னொரு சாமான் இருக்கிறது, அதுதான் வக்யூம் பம்ப், காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்குவது. பெற்றோல் எஞ்சினுக்கு உறிஞ்சும் பக்கத்திலேயே வக்யூம் கிடைத்துவிடும். இந்த டீசலுக்கு அது கிடையாது, நம் மிதியைப் பலமாக்கும் பிரேக் பூஸ்டருக்குத் தனிப் பம்ப் வேண்டும். அதைச் சுற்றுவதும் அதே பெல்ட். தண்ணீர் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட். பூஸ்டரில் மிச்சமிருந்த வக்யூம்தான் முதல் இரண்டு பிரேக்கைத் தந்திருக்கிறது.

பாஸ் அந்தப் பெல்ட் துண்டை என் கையில் வைத்துச் சொன்னது: "தம்பி, உனக்கு எரிஞ்சது பற்றரி லைற் இல்ல, பிரேக் லைற்."

மைலேஜ் மாமா

30 வருஷமாக டீசல் வண்டி ஓட்டுகிறேன். இறக்கத்தில் இரண்டாவது கியர் போட்டால் எஞ்சின் கதறும், டீசலையும் குடிக்கும். பிரேக் நன்றாக இருந்தால் நியூட்ரலில் விட்டாலே போதும். எங்கள் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் ஊட்டி இறங்கினோம். புதிதாக வண்டி வாங்குகிறவர்களுக்கு எல்லாமே பயம். வக்யூம் பம்ப், அது இது என்று போட்டுக் குழப்பாதீர்கள்.

கயத்தாறு காற்று

மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. அப்போது டீசல் பம்பில் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் ஐடிலுக்கு டீசல் எரியும். நீங்கள் 30 வருஷமாக மிச்சம் பிடித்ததாக நினைத்தது செலவு.

சரி, என் கதை. டீசல் கேஜ் வேலை செய்யாத வண்டி, கயத்தாறு தாண்டிக் காற்றாலைகளுக்கு நடுவில் டீசல் தீர்ந்து நின்றது. பைக்கில் வந்த ஒருவர் 5 லிட்டர் வாங்கி வந்து கொடுத்தார். ஊற்றினேன், செல்ஃப் அடித்தேன், அடித்தேன், பேட்டரி சாகும்வரை அடித்தேன். லைனில் காற்று புகுந்துவிட்டால் எத்தனை செல்ஃப் அடித்தாலும் டீசல் போய்ச் சேராது என்று எனக்கு யார் சொன்னது?

லாரி டிரைவர் ஒருவர் நிறுத்தினார். 10 நம்பர் ஸ்பேனர் கேட்டார். என்னிடம் இல்லை. அவருடையதை எடுத்து வந்து டீசல் ஃபில்டர் தலையில் இருந்த திருகைத் தளர்த்தி, பக்கத்தில் இருந்த பொத்தானை அமுக்கி அமுக்கி அடித்தார். அந்தப் பொத்தான் எதற்கு என்று எட்டு மாதமாக எனக்குத் தெரியாது. சோப்பு நுரை மாதிரி பொங்கி வந்தது. நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் இறுக்கினார். லாரி 24 வோல்ட், அதனால் அவருடைய இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் கொடுத்தார். ஒரே செல்ஃப்.

கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏர் எடுக்கத் தெரியாம டீசல் வண்டி எதுக்கு சார் வாங்குனீங்க?" என் மகள் பக்கத்திலேயே நின்றாள். அவர் திட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

ஹீட்டர் பிளக்

என் கதை சின்னது. ஆயில் மாற்றிய மறுநாள் டிப் ஸ்டிக்கை எடுத்தால் கன்னங்கரேல். பழைய ஆயிலையே ஊற்றி ஏமாற்றிவிட்டான் என்று மெக்கானிக்கிடம் தெருவில் நின்று சண்டை போட்டேன். டீசல் எஞ்சினில் புகைக்கரி கொஞ்சம் ஆயிலிலும் சேரும், ஒரே நாளில் கறுத்துவிடும். பிறகு மன்னிப்புக் கேட்டேன். அவர் இன்னும் சரியாக முகம் கொடுப்பதில்லை.

புதியவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். புகையைப் பாருங்கள். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு, முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே முடிந்துவிடும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் காலையில் மட்டும் வந்து நிற்கிறதா, நாள் முழுக்க வருகிறதா என்று கவனியுங்கள். காலையில் மட்டும் என்றால் எரியாத டீசல், ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கில் ஒன்றிரண்டு போயிருக்கலாம். ஒயரைக் கழற்றி டெஸ்ட் லைட் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் தெரிந்துவிடும். நாள் முழுக்க வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். சூடாக இருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும், மாதம் ஒருமுறை ஒரு கண்ணாடி டம்ளரில் வடித்துப் பாருங்கள், தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். கேம்பர் வண்டி மாதக்கணக்கில் சும்மா நிற்பது, டேங்க் சுவரில் வேர்க்கும். நிறுத்தும்போது டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள். டயரில் பட்டன் தேயாவிட்டாலும் வயது பாருங்கள். பக்கவாட்டில் கடைசி நான்கு எண், 2314 என்றால் 2014இன் 23ஆவது வாரம். அப்புறம் எடை மேடையில் ஒருமுறை…

டொல்பின் வான்

ஐயா, கதை நாலு வரி, வகுப்பு நாற்பது வரி. ஆனால் டம்ளர் விஷயம் நல்லது. நாளைக்குச் செய்து பார்க்கிறேன்.

சாவி கையில்

நீலப் புகை பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, வெட்கம்.

ஆயில் குறைவாக இருந்தது. கேனை முழுசாகக் கவிழ்த்தேன். மேக்ஸ் கோட்டுக்கு மேலே போனதைப் பார்த்தேன். கூட இருந்தால் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். டர்போ வண்டி. வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்து இரண்டு ரேஸ் கொடுத்தேன். மூன்றாவது ரேஸை அதுவே எடுத்துக்கொண்டது. காலை எடுத்தாலும் ஏறுகிறது. சாவியைத் திருப்பினேன், உருவினேன். சாவி என் கையில் இருக்கிறது, எஞ்சின் ஊளையிடுகிறது. தெரு முழுக்க நீலப் புகை, எதிர்வீட்டுப் பாட்டி தீப்பிடித்துவிட்டது என்று குடத்தோடு ஓடிவருகிறார்.

டிராக்டர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்தான் கத்தினார்: "டாப் கியர போட்டு, பிரேக்க மிதிச்சு, கிளட்ச பட்டுனு விடு!" விட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது.

சாவி நிறுத்துவது டீசலை மட்டும். அதிகமான ஆயில், எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் வழியாகக் காற்றோடு உள்ளே போய், எஞ்சின் அதையே குடித்து ஓடியிருக்கிறது. காற்று போகும் வாயைப் பலகையால் அடைத்தாலும் நிற்குமாம். கையை மட்டும் வைத்துவிடாதீர்கள் என்றார், இழுத்துக்கொள்ளும். பாட்டி இப்போதும் நான் சாவியை எடுத்தால் வீட்டுக்குள் போய்விடுகிறார்.

ஸ்டுட்கார்ட் தமிழ்

இங்கே பயம் வேறு மாதிரி. 87ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் டி3 வேன். செப்டம்பரில் டேங்க்கை நிரப்பி நிறுத்திவிட்டு, ஜனவரியில் கருங்காடு (பிளாக் ஃபாரஸ்ட்) மலைப் பக்கம் போனேன். இரவு −14 டிகிரி. காலையில் ஸ்டார்ட் ஆனது, இரண்டு கிலோமீட்டர் ஓடியது, விக்கி விக்கி நின்றது. ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே மெழுகு, மெழுகுவர்த்தி உருக்கி ஊற்றியது போல. ஜெர்மனியில் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து பெப்ரவரி முடியும்வரை −20 வரை தாங்கும் குளிர்கால டீசல்தான் விற்பார்கள். என் டேங்க்கில் இருந்தது கோடைக்கால டீசல்! அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்து, துணியை நனைத்து ஃபில்டரைச் சுற்றி, மூன்று மணி நேரம். டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள் என்று மேலே சொன்னவருக்கு: எந்த மாதத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஹீட்டர் பிளக்

நான் நம்ம ஊருக்குச் சொன்னேன் அம்மா. லடாக் போகிறவர்களுக்கும் உங்கள் கதை பொருந்தும். அங்கே −33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது. கீழே நிரப்பிக்கொண்டு மேலே ஏறாமல், அங்கே போய் நிரப்ப வேண்டும்.

மைலேஜ் மாமா

நியூட்ரல் விஷயத்தில் எனக்கு இன்னும் சமாதானம் இல்லை. அது இருக்கட்டும். இன்று காலை டார்ச் எடுத்துக்கொண்டு ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் பார்த்தேன். அந்தக் குண்டு சாமான் என் வண்டியிலும் இருக்கிறது. அதற்கு ஆயில் போகிற ஓஸ் வெடித்து, கீழே முழுக்கக் கசிவு. பெல்ட்டையும் விரலால் அமுக்கினேன், தொட்டில் கயிறு மாதிரி ஆடுகிறது. ஓஸ் எந்த அளவு என்று கேட்டு வாங்குவது? டொல்பின் தம்பி, நீங்கள் என்ன போட்டீர்கள்?