இரண்டு நாள் காய்ச்சல், ஒன்பது டெஸ்ட், 3,650 ரூபாய்: ஏமாந்தோமா, தப்பித்தோமா?

வெண்ணாற்றங்கரை:
அப்பாவுக்கு 62 வயது. தஞ்சாவூர்ப் பக்கம் கிராமம், விவசாயம். போன வாரம் காய்ச்சல், உடம்பு வலி. இரண்டாம் நாள் சாயங்காலம் டவுனில் ஒரு பொது மருத்துவரின் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். நாக்கைப் பார்த்தார், முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார், சீட்டு எழுதிவிட்டார். சிபிசி (ரத்த அணுக்களின் கணக்கு), விடால் (டைபாய்டுக்கு), டெங்கு, மலேரியா, யூரின், சிஆர்பி (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்ப்பது), லிவர், கிரியாட்டினின் (கிட்னிக்கு), எச்பிஏ1சி (மூன்று மாத சுகர்). கீழ்த்தளத்திலேயே லேப். 3,650 ரூபாய்.

விடால் 1:160 என்று வந்தது. டைபாய்டு என்றார்கள். மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றி, கூடவே ஆன்டிபயாடிக் ஊசி. முதல் ஊசி போட்ட மறுநாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. டெங்கு, மலேரியா இல்லை. ஆனால் எச்பிஏ1சி 7.4. அப்பாவுக்குச் சுகர் இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

இப்போது வீட்டில் இரண்டு கட்சி. "வைரல் காய்ச்சலுக்கு மொத்தமாக உருவிவிட்டார்கள்" என்கிறான் தம்பி. "டெஸ்ட் எடுக்காவிட்டால் சுகர் தெரிந்திருக்குமா?" என்கிறாள் அக்கா. யார் சொல்வது சரி?

கணக்குப்பிள்ளை:
தம்பி சொல்வதுதான் சரி. டாக்டர் மேலே, லேப் கீழே, மெடிக்கல் வாசலில். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? அனுப்பி வைப்பதற்கு டாக்டர் கமிஷன் வாங்கக் கூடாது என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. விதி இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு நாள் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், கஞ்சி, ஓய்வு. ஐந்தாம் நாளும் இறங்காவிட்டால் அப்போது பார்க்கலாம். என் தாத்தா காலத்தில் யார் டெஸ்ட் எடுத்தார்கள்?

மேலவீதி லட்சுமி:
உங்கள் தாத்தா காலத்தில் எத்தனை பேர் காரணம் தெரியாமலே போனார்கள் என்று யாராவது கணக்கு வைத்திருக்கிறார்களா சார்? என் வீட்டுக்காரருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆபீஸில் கட்டாயம் என்பதற்காக மாஸ்டர் செக்கப் எடுத்தார், கிரியாட்டினின் 2.1. பிரஷர் இருந்ததே தெரியாமல் கிட்னியில் பாதிப்பு. இன்று மாத்திரையில் நன்றாக இருக்கிறார். நான் அக்கா கட்சி. எவ்வளவு அதிகம் பார்க்கிறோமோ அவ்வளவு நல்லது.

ராத்திரி டூட்டி:
நான் பொது மருத்துவம் படித்தவன், இப்போது வேறு மாவட்டத்தில் வேலை. நோயாளியைப் பார்க்காமல் அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விடால் பற்றிப் பேசியே ஆகவேண்டும்.

விடால் 1896இல் வந்த சோதனை. கிருமியை அது தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. அந்த எதிர்ப்பொருள் உருவாகவே ஒரு வாரம் பிடிக்கும். காய்ச்சலின் இரண்டாம் நாளில் விடால் பாசிட்டிவ் என்றால், எப்போதோ வந்துபோன டைபாய்டின் மிச்சமாக இருக்கலாம், தடுப்பூசியாக இருக்கலாம், வேறு கிருமியாகவும் இருக்கலாம். டைபாய்டு சகஜமாக இருக்கும் நம் ஊரில் நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே அது பாசிட்டிவ் வரும். டைபாய்டை உறுதி செய்ய வேண்டுமானால் பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்திலிருந்து கிருமியையே வளர்த்துப் பார்ப்பது. அதையும் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே எடுத்தாக வேண்டும்.

இன்னொன்று. டைபாய்டு என்றால் சரியான மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் இறங்க நாலைந்து நாள் ஆகும். ஒரே ஊசியில் மறுநாளே இறங்கியது என்றால் அது தானாகவே இறங்க இருந்த காய்ச்சலாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. டைபாய்டு என்றே வைத்துக்கொள்வோம், அப்போது மூன்று நாள் ஊசி போதாது. எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது.

கணக்குப்பிள்ளை:
டாக்டரே சொல்லிவிட்டார். இந்த விவாதத் திரியைப் பூட்டிவிடலாம்.

ராத்திரி டூட்டி:
அவசரப்படாதீர்கள் சார். விடாலைத்தான் சொன்னேன். டெங்கு கிருமியின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 டெஸ்டை முதல் ஐந்து நாளுக்குள் எடுப்பதுதான் முறை. அதனால் இரண்டாம் நாள் எடுத்ததில் தவறில்லை. சிபிசி கட்டாயம் வேண்டும். என் கேள்வி அதை ஏன் எடுத்தார்கள் என்பதல்ல, மறுபடி ஏன் எடுக்கவில்லை என்பதுதான். டெங்குவில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) விழுவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில். என்எஸ்1 நெகட்டிவ் என்பதால் மட்டும் டெங்கு இல்லை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. காய்ச்சல் விட்டதே என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கும் அந்த இரண்டு நாள்தான் ஆபத்தானது. அப்போது தட்டணு எண்ணிக்கையோடு பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அது ஏறினால் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று சந்தேகிப்போம். ஜனங்கள் தட்டணுவை மட்டும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

காட்பாடி அக்கா:
என் கதையையும் சொல்கிறேன். 2022 டிசம்பரில் அம்மாவுக்கு எட்டு நாள் காய்ச்சல். இரண்டு கிளினிக், இரண்டு தடவை விடால், இரண்டு தடவையும் "டைபாய்டு". ஊசி, டிரிப்ஸ், மாத்திரை எல்லாம் ஆயிற்று. ஒன்பதாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே ஒரு சின்னப் பெண், பயிற்சி டாக்டராகத்தான் இருக்கும், திரையை இழுத்துவிட்டு அம்மாவின் புடவையைத் தளர்த்தி உடம்பு முழுக்கத் தேடினாள். அக்குளில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, அதனால் அம்மாவுக்கே தெரியவில்லை. ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்று பேப்பரில் போடுவார்களே, அது. புல், புதரில் இருக்கும் பொடிப் பூச்சி கடித்து வருவது. டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள், இரண்டே நாளில் காய்ச்சல் நின்றது. மாத்திரைப் பட்டையின் சொற்ப விலையைப் பார்த்து நானும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தம்பி, உன் அப்பாவும் வயலில் இறங்குபவர். யாராவது சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார்களா?

வெண்ணாற்றங்கரை:
இல்லை அக்கா. மொத்தமே நாலு நிமிடம்தான் உள்ளே இருந்தோம்.

மேலவீதி லட்சுமி:
நாலு நிமிடம்தான் பார்க்கிறார்கள் என்பதால்தானே டெஸ்ட் வேண்டும் என்கிறேன்! நம் ஊர் டாக்டர் ஒரு சாயங்காலத்தில் எண்பது பேரைப் பார்க்கிறார். அவர் கண்ணுக்குத் தப்புவதை ரிப்போர்ட்டாவது பிடிக்கட்டும்.

கணக்குப்பிள்ளை:
அம்மா, அந்த ரிப்போர்ட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. நார்மல் ரேஞ்ச் என்று போட்டிருப்பது ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும் எல்லை. மீதி 5 பேருக்கு நோயே இல்லாமல் தடித்த எழுத்தில் வரும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது டெஸ்ட் எடுத்தால், நோயில்லாத ஆளுக்கும் ஒன்றாவது தப்பாக வர 64 சதவீத வாய்ப்பு. எழுபது ஐட்டம் கொண்ட பேக்கேஜில் முழுசாக நார்மல் வந்தால்தான் ஆச்சரியம். அப்புறம் அந்த ஒன்றைத் துரத்திக்கொண்டு ஸ்கேன், அதில் ஒரு சின்னக் கட்டி, அதைத் துரத்தி ஊசி குத்தி...

தென்கொரியாவில் நடந்தது தெரியுமா? 1999இல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் கிடையாது. ஆனால் கிளினிக்குகள் கூடுதலாகக் கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு கழுத்துக்கும் ஸ்கேன் எடுத்தன. 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டது 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கு. அந்த நோயால் இறந்தவர்களின் விகிதம்? அப்படியே இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கழுத்தை அறுத்துக்கொண்டு ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

மேலவீதி லட்சுமி:
என் வீட்டுக்காரரின் கிட்னி கொரியாவில் இல்லை சார்.

ராத்திரி டூட்டி:
:) இரண்டு பேரும் வேறு வேறு டெஸ்டைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். லட்சுமி அம்மா வீட்டில் பிடிபட்டது பிரஷரும் கிட்னியும். நம் நாட்டில் அந்த வயதில் தேட வேண்டியதே அதைத்தான். 2023இல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வுப்படி இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சுகர், 35.5 சதவீதம் பேருக்குப் பிரஷர். அதைப் பிடிக்க எழுபது ஐட்டம் பேக்கேஜ் வேண்டாம். பிரஷர் பட்டையும் இரண்டு மூன்று டெஸ்டும் போதும். அறிகுறி இல்லாதவருக்குக் கேன்சர் மார்க்கர் ரத்தப் பரிசோதனை என்று பேக்கேஜில் சேர்த்து விற்பதுதான் பயத்தை விற்கும் வியாபாரம். அதில் கணக்குப்பிள்ளை பக்கம் நான்.

மூன்று மாத சுகர் என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி பற்றி: காய்ச்சல் நேரத்தில் விரலில் குத்திப் பார்க்கும் சுகர் உடம்பின் அழுத்தத்தால் தற்காலிகமாக ஏறியிருக்கலாம். எச்பிஏ1சி மாதக்கணக்கில் சராசரி காட்டுவதால் இரண்டு நாள் காய்ச்சலில் அது குதித்துவிடாது. 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சுகர். ஆனால் அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ரிப்போர்ட்டை வைத்து முத்திரை குத்தக் கூடாது. சாப்பாட்டுக்கு முன், பின் எடுத்து உறுதி செய்ய வேண்டும். அதற்குள் மாத்திரை தொடங்கிவிட்டார்களா?

வெண்ணாற்றங்கரை:
மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை எழுதியிருக்கிறார்கள். உறுதி செய்ய எதுவும் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை:
ஒரு சந்தேகம். சுகர் என்று சொல்லிவிட்டு ஏற்றிய டிரிப்ஸ் குளுக்கோஸா?

வெண்ணாற்றங்கரை:
பாட்டிலில் "டெக்ஸ்ட்ரோஸ் 5%" என்று இருந்தது. மூன்று நாளும் ஒவ்வொன்று.

கணக்குப்பிள்ளை:
அடடா. 500 மில்லியில் 25 கிராம் சர்க்கரை. ஆறு ஸ்பூன். ஏறக்குறைய நூறு கலோரி. வாயால் சாப்பிட முடிகிற மனுஷனுக்குக் கை நரம்பில் ஒரு கிளாஸ் இனிப்புத் தண்ணீர், அதற்குத் தனி பில், அதுவும் சுகர்காரருக்கு!

ராத்திரி டூட்டி:
பெரிய கெடுதல் நடந்திருக்காது. ஆனால் வாந்தி இல்லை, வாயால் குடிக்க முடிகிறது என்றால் உப்புச் சர்க்கரைக் கரைசலோ கஞ்சித்தண்ணீரோ போதும். ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்: ஊசி, டிரிப்ஸ் இல்லாமல் அனுப்பினால் "அந்த டாக்டர் ஒன்றும் செய்யவில்லை" என்று அடுத்த தெருவுக்குப் போகிறவர்களும் நாம்தான். "ஒரு ஊசி போட்டால்தான் சார் கேட்கும்" என்று தினமும் கேட்கிறேன்.

மைக்ராஸ்கோப் மணி:
பதினாறு வருடமாக லேப் டெக்னீஷியன். தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும், இரத்தம் எடுக்கும் நேரம். விடால் பற்றி டாக்டர் சொன்னது சரி. பல லேப்களில் அதையும் குழாயில் போட்டு மறுநாள் பார்ப்பதில்லை, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்து நிமிடக்கணக்கில் முடித்துவிடுகிறோம். அந்தச் சொட்டு கட்டி கட்டியாகத் திரியும்போது அது 1:80ஆ 1:160ஆ என்பது கொஞ்சம் ஆளின் கண்ணையும் பொறுத்தது. எங்களைத் திட்டுங்கள், பரவாயில்லை.

ஆனால் எல்லோரும் விடால், எச்பிஏ1சி என்று பேசுகிறீர்கள். அந்தச் சீட்டில் விலை குறைவானவற்றில் ஒன்று சிபிசி. அதை யாருமே கேட்கவில்லையே. ஹீமோகுளோபின், எம்சிவி (சிவப்பணுவின் சராசரிப் பருமன்), தட்டணு மூன்றையும் போடுங்கள் தம்பி.

வெண்ணாற்றங்கரை:
ஹீமோகுளோபின் 9.4. எம்சிவி 70. தட்டணு 1,72,000. முதல் இரண்டும் தடித்த எழுத்தில் இருக்கின்றன. டாக்டர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சத்துக்குறைவு என்று நினைத்துக்கொண்டோம்.

மைக்ராஸ்கோப் மணி:
நினைத்தேன். டாக்டர் சார், நீங்களே சொல்லுங்கள்.

ராத்திரி டூட்டி:
நானும் கேட்டிருக்க வேண்டும், விடாலோடு மல்லுக்கட்டிக்கொண்டு விட்டுவிட்டேன்.

தம்பி, பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். சிவப்பணுக்கள் சிறுத்து, ஹீமோகுளோபின் 9.4 என்றால் முதலில் இரும்புச்சத்துக் குறைவைத்தான் நினைப்போம். பெண்களுக்கு மாதவிடாய் ஒரு காரணமாக இருக்கும். 62 வயது ஆணுக்கு அப்படி ஒரு விளக்கம் கிடையாது. எங்கிருந்தோ இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறதா என்று தேட வேண்டும். வயிற்றுப் புண், மூலம், வெறும் காலோடு வயலில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு, குடலில் கட்டி என்று பல காரணங்கள். தலசீமியா போன்ற பரம்பரைக் காரணமும் உண்டு. அதனால் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்ப்பார்கள், மலப் பரிசோதனை, தேவைப்பட்டால் வயிற்றையும் பெருங்குடலையும் குழாய்க் கேமராவால் பார்க்கும் எண்டாஸ்கோபி, கொலனாஸ்கோபி. வெறுமனே சத்து டானிக் கொடுத்து மூடிவிடக் கூடாது.

இன்னொரு விஷயம்: இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எச்பிஏ1சி இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். 7.4 என்பது முழுக்கப் பொய் என்று சொல்லவில்லை, உறுதி செய்யாமல் நம்ப முடியாது என்கிறேன். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், போகும்போது கேளுங்கள்.

அப்பா வலி மாத்திரை ஏதாவது தொடர்ந்து சாப்பிடுகிறாரா? மலம் கறுப்பாகப் போகிறதா? எடை குறைந்திருக்கிறதா?

வெண்ணாற்றங்கரை:
முட்டி வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கி இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறார். மற்றதைக் கேட்டால் "அதையெல்லாம் யார் பார்த்தார்கள்" என்கிறார். வேட்டி இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது என்று அம்மா தீபாவளியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

காட்பாடி அக்கா:
அந்த வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், இன்றைக்கே நிறுத்தச் சொல் தம்பி.

கணக்குப்பிள்ளை:
ஐந்து நாள் கஞ்சி குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தேன். அப்படிச் செய்திருந்தால் இந்த 9.4 தெரிந்திருக்காது. அதை ஒப்புக்கொள்கிறேன். கமிஷன் பற்றி எழுதியதில் ஓர் எழுத்தும் மாற்றவில்லை.

மேலவீதி லட்சுமி:
ஒன்பது டெஸ்ட் எடுத்தும் இது கண்ணில் படவில்லையே என்று எனக்கும்தான் ஆறவில்லை. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி பக்கம்தானே, அங்கே எண்டாஸ்கோபிக்குத் தனியார் கட்டணம் இருக்காது. காலையில் சீக்கிரமே ஓபி சீட்டு போட்டுவிடுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
திங்கட்கிழமை கூட்டிப் போகிறேன். தம்பி லீவு போடுகிறான், அக்காவும் வருகிறாள். பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்துப் போனால் போதுமா? வெறும் வயிற்றோடு போக வேண்டுமா?

ராத்திரி டூட்டி:
வெறும் வயிற்றோடு போங்கள், ஃபாஸ்டிங் சுகரும் அன்றே எடுத்துவிடலாம். கையில் இட்லி கட்டிக்கொள்ளுங்கள், வரிசை நீளமாக இருக்கும். ரிப்போர்ட்டோடு அந்த முட்டி வலி மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.