கடலக்காய்க்கு ஜிப்சம்: ‘தோட்டத்துப் பங்காளிக’ குழு

கவின்: கடலக்காய்க்கு இன்னைக்கு 42 நாளுங்க. பூ நல்லா இருக்குது, பூவுலருந்து மண்ணுக்குள்ள போய்க் காயாகற ஊசியும் எறங்க ஆரம்பிச்சிருச்சு. கால்சியத்துக்குப் போடற ஜிப்சம் மூணு மூட்டை எறக்கியாச்சு. இப்பவே போட்டரலாமுங்களா?

காங்கயம் மாமா: மொதல்ல களை வெட்டியாச்சா?

கவின்: நாளைக்குத்தானுங்க மாமா ஆளு வருது

காங்கயம் மாமா: அப்ப எல்லாத்தையும் சேத்தி நாளைக்கே முடிச்சுரு. களை வெட்டி, ஜிப்சம் போட்டு, மண்ணணைச்சு, அப்பறம் தண்ணி. வரிசை மாறக்கூடாது. 45 நாளுக்கு மேல கொத்து உள்ள போனா ஊசி அறுந்துரும். ஒரு ஊசி போனா ஒரு காய் போச்சு.

அந்தியூர் அக்கா: ஏக்கராவுக்கு 160 கிலோ கவின். 50 கிலோ மூட்டைன்னா மூணும், மேல 10 கிலோவும்.

கவின்: ஒரு ஏக்கராதானுங்க்கா. கையில தூவறப்ப அளவு எப்படித் தெரியும்?

அந்தியூர் அக்கா: சாலுக்குச் சால் ஒரு அடின்னா 100 மீட்டர் சாலுக்கு 1.2 கிலோ. மொத ரெண்டு சாலுக்கு எடை போட்டுக் குடு, அப்பறம் கை பழகிக்கும். செடியோரமா ரெண்டு பக்கமும் விழுகோணும். பனி காயறதுக்கு முன்னால போட்டராதே, எலையிலயே ஒட்டிக்கும்.

சித்தப்பா: நம்ம காட்டுலதான் சுண்ணாம்புக்கல்லு அத்தனை கெடக்குதே, அதுல இல்லாத கால்சியமா? கடைக்காரனுக்குத்தான் லாபம்

அந்தியூர் அக்கா: அந்தக் கல்லு லேசுல கரையாதுங்க சித்தப்பா. காய்க்கு வேண்டிய கால்சியம் வேர் வழியா வராது. வேர் எடுக்கறது தண்ணியோட எலைக்குப் போயிரும், திரும்பக் கீழ எறங்காது. மண்ணுக்குள்ள இருக்கற காய் தன் தோல் வழியாத்தான் உறிஞ்சிக்கோணும். அதனால காய் புடிக்கற மேல் மண்ணுல, கரையற மாதிரி இருக்கோணும். இல்லீன்னா பொக்குத்தான். பருப்பு புடிச்சாலும் உள்ள முளைக்குருத்து கருத்துப் போயிரும், விதைக்கு ஆகாது.

காங்கயம் மாமா: கந்தகமும் இருக்குது மாப்ள. எண்ணெய்க்கு அது வேணும். சுண்ணாம்புக்கல்லுல ஏது கந்தகம்?

சித்தப்பா: செரி செரி. அப்ப விதைக்கறப்பவே அடியுரமாப் போட்டிருந்தா ஒரு வேலை மிச்சம்

காங்கயம் மாமா: செம்மண்ணுல நாலு மழை பேஞ்சா கரைஞ்சு கீழ போயிரும். ஊசி எறங்கறப்ப மேல இருக்காது.

கவின்: பொட்டாஷ் அரை மூட்டை மிச்சம் கெடக்குது. கலந்து போட்டரட்டுமுங்களா?

அந்தியூர் அக்கா: வேண்டவே வேண்டாம்!! காய்கிட்ட பொட்டாஷ் அதிகமானா கால்சியத்த எடுக்க உடாது. டிஏபியும் கலக்காதே, அதுல இருக்கற மணிச்சத்தும் கால்சியமும் சேந்து கரையாம கெட்டியாயிரும்.

காங்கயம் மாமா: மண்ணணைக்கறப்ப நீ கூடவே நில்லு. மம்பட்டியில குமிச்சு உட்டுருவாங்க. களைக்கொத்துல மேலாப்புல சொரண்டி ரெண்டு அங்குலம் தூர்ல தள்ளுனா போதும். எலையும் பூவும் பொதையக்கூடாது. அரை அடிக்கு மேல இருக்கற பூவோட ஊசி மண்ணத் தொடறதுக்குள்ள காஞ்சுரும். மண்ணு கெட்டியாக் கெடந்தாலும் முனை உள்ள போகாது. மண்ணணைக்கறதே அந்த ரெண்டுக்குந்தான், ஒயரம் காட்டறதுக்கு இல்ல.

கவின்: தண்ணி அன்னைக்கேவா?

காங்கயம் மாமா: அன்னைக்கே. தேங்காம, நனையற அளவுக்கு. அப்பறம் காய் முத்தற வரைக்கும் மேல் மண்ணு காய உடாதே. காஞ்சா ஜிப்சம் இருந்தும் பிரயோசனமில்ல.

சித்தப்பா: எங்க மேட்டாங்காட்டுல 55 நாளாச்சு. இனிப் போட்டா ஆகுமா சாமி?

அந்தியூர் அக்கா: மானாவாரிதானுங்களே? 75 நாள் வரைக்கும் போடலாமுங்க, ஆனா மண்ணுல ஈரம் இருக்கற நாளாப் பாத்து. கொத்தை மட்டும் எடுக்காதீங்க. தூர்ல தூவி உட்டுருங்க, களை இருந்தா கையில புடுங்கிக்கலாம்.

சித்தப்பா: அப்ப கவினு, ஒரு மூட்டை எடுத்து வை, சாயந்திரம் வாறேன்

கவின்: எனக்கே 10 கிலோ கொறையுதுங்க சித்தப்பா 😄 கடைக்கே போயிருங்க